மோட்டாரைக் கிணற்றுக்குள் இறக்குவது ஏன்?

(ஆலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் பேசியது)



ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளில் நம் பிள்ளைகள் படிக்கும் விஞ்ஞானப் பாடத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். கூலி உயர்வு பேசும் மேடையில் இது எதற்கு என்று சிலர் நினைக்கலாம். கொஞ்சம் பொறுங்கள்.

பல்லடம், அவிநாசிப் பக்கத்துத் தோழர்களுக்கு நான் கிணற்றைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. கவலை ஓட்டிய காலம் போய் மின்சார மோட்டார் வந்தது. ஆழக் கிணறுகளில் அதை மேட்டில் வைக்கவில்லை. கிணற்றுக்குள்ளே திட்டுக் கட்டி, அங்கே இறக்கி வைத்தோம். தண்ணீர் இறங்க இறங்க மோட்டாரையும் இறக்கினோம். மேட்டில் வைத்தால் தண்ணீர் ஏறாது என்பது நம் கைக்குத் தெரியும். ஏன் ஏறாது?

மோட்டார் தண்ணீரை இழுக்கிறது என்று நினைக்கிறோம். உண்மையில் பம்பு தனக்குள் அழுத்தத்தைக் குறைக்கிறது. வெளியே தண்ணீர்மேல் அமர்ந்திருக்கும் காற்று தன் பாரத்தால் அதைக் குழாய்க்குள் தள்ளுகிறது. அந்தப் பாரம் ஏறக்குறைய 34 அடித் தண்ணீரைத்தான் தாங்கும். நடைமுறையில் 25 அடி தாண்டினாலே திணறல். பம்பைத் தாண்டிய தண்ணீரை மேலே தள்ளுவது வேறு கதை. அது மோட்டாரின் பலம். ஆயிரமடி போர்வெல்லிலும் மோட்டாரைத் தண்ணீருக்குள்ளேயே இறக்குவது இதனால்தான்.

இதை உலகுக்கு முதலில் காட்டிக் கொடுத்தது யார்? இத்தாலியில் பம்பு ரிப்பேர் செய்த தொழிலாளி! பம்பில் கோளாறில்லை, தண்ணீர்தான் எட்டாத ஆழத்துக்குப் போய்விட்டது என்று அவன் சொன்னதாக, கலீலியோ 1638-ல் வெளியான தம் நூலில் எழுதியிருக்கிறார். காரணம் அவருக்கும் சரியாகப் பிடிபடவில்லை. 1643-ல் டாரிசெல்லி கண்ணாடிக் குழாயில் பாதரசத்தை நிரப்பிக் கவிழ்த்தார். அது 76 சென்டிமீட்டரில் நின்றது. காற்றுக்குப் பாரம் உண்டு என்பது வெளிச்சமாயிற்று.

இன்று நம் பிள்ளை ‘வளிமண்டல அழுத்தம்’ என்று நெட்டுருப் போடுகிறான். பரீட்சையில் மார்க்கும் வாங்குகிறான். அப்பன் கிணற்றில் மோட்டார் இறக்குகிறான். இரண்டும் ஒன்றுதான் என்று பிள்ளைக்கும் தெரியாது, அப்பனுக்கும் தெரியாது. ஆலையிலும் இதே கதை. காற்றில் ஈரம் குறைந்தால் இழை அறுகிறது என்று ஸ்பின்னிங்கில் நிற்கும் ஒவ்வொருவருக்கும் தெரியும். ‘ஈரப்பதம்’ என்று புத்தகத்தில் படிக்கும் பிள்ளைக்கு அம்மாவின் ஆலை ஞாபகம் வருவதில்லை.

இதை மாற்ற முடியுமா? மத்தியப் பிரதேசத்தில், அப்போது ஹோஷங்காபாத் என்றிருந்த ஜில்லாவில் மாற்றிக் காட்டினார்கள். 1972-ல் 16 கிராமத்து நடுநிலைப் பள்ளிகளில் தொடங்கினார்கள். ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை பிள்ளைகள் கூட்டங்கூட்டமாக உட்கார்ந்து தாங்களே சோதனை செய்தார்கள். புத்தகம் விடையைச் சொல்லாது. பரீட்சையில் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொள்ளலாம். செய்முறைத் தேர்வும் உண்டு. பெரிய ஆராய்ச்சி நிலையங்களின் விஞ்ஞானிகள் வந்து கிராமத்து உபாத்தியாயர்களுக்குப் பயிற்சி தந்தார்கள். 1978-ல் ஜில்லா முழுவதும் பரவி, பிறகு சுமார் 1000 பள்ளிகளை எட்டியது. 2002-ல் மாநில சர்க்கார் ஓர் உத்தரவு போட்டு மூடிவிட்டது. முப்பதாண்டு உழைப்பு!

இனி நம் கதை. 1953-ல் ராஜாஜி ஆரம்பப் பள்ளி நேரத்தைக் குறைத்து, மீதி நேரம் பிள்ளை அப்பன் தொழிலைக் கற்கட்டும் என்றார். குலக்கல்வி என்று ஜனங்கள் எதிர்த்தார்கள்; 1954-ல் திட்டம் போயிற்று. 2020-ன் தேசியக் கல்விக் கொள்கை, இதே ஆறு முதல் எட்டு வகுப்புப் பிள்ளைகள் பத்து நாள் புத்தகப் பையில்லாமல் தச்சர், குயவர், தோட்டக்காரர்களிடம் பழகட்டும் என்கிறது. கைவேலை கேவலமென்று உழைப்பாளி சொல்வானா? தச்சனிடம் போகட்டும், உளி முனையை ஏன் மெல்லிசாகத் தீட்டுகிறான் என்று கேட்டு, வகுப்பில் அளந்து பார்க்கட்டும். அந்தப் பாதியை விட்டுவிட்டுக் கைவேலையை மட்டும் கொடுத்தால், பணக்காரன் பிள்ளைக்கு அது பத்து நாள் வேடிக்கை. நம் பிள்ளைக்கு?

2009-ன் கல்வி உரிமைச் சட்டத்தைப் பாருங்கள். எட்டாம் வகுப்புவரை பொருந்தும் சட்டம். பள்ளியில் இருக்க வேண்டியவை என்ற அட்டவணையில் சமையலறை, நூலகம், விளையாட்டு மைதானம் எல்லாம் உண்டு. விஞ்ஞானக் கூடம் இல்லை! ‘தேவையான கற்பித்தல் கருவிகள்’ என்று மொட்டையாக ஒரு வரிதான். ஆனால் ஆறு முதல் எட்டு வகுப்புகளுக்கு விஞ்ஞானமும் கணிதமும் நடத்த ஓர் ஆசிரியர் வேண்டும் என்று எழுதியிருக்கிறது. பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள் என்றும் எழுதியிருக்கிறது. அந்த நாற்காலிகள் நம்முடையவை. கூட்டம் முடிந்த பிறகு கையெழுத்துப் போடுவதற்கு மட்டும் நம்மைக் கூப்பிடும் வழக்கம் எங்கே இருந்தாலும் ஒழிய வேண்டும்.

அடுத்த கூட்டத்துக்குப் போங்கள், குறிப்பாகத் தாய்மார்கள். ஆசிரியரிடம் சண்டைக்குப் போக வேண்டாம். அவர் தலையிலும் ஆயிரம் வேலை ஏற்றியிருக்கிறார்கள். ஆய்வுக்கூடம் இருக்கிறதா என்றால் இருக்கிறது என்பார்கள். பூட்டுப் போட்ட அலமாரிக்கும் அதே பெயர்தான். ஆகவே இப்படிக் கேளுங்கள்: இந்த மாதம் என் பிள்ளை தன் கையால் என்ன சோதனை செய்தாள்? அதை எழுதிய நோட்டு எங்கே? சாமான் வாங்கப் பணமில்லை என்றால், வேண்டியதைப் பட்டியல் எழுதித் தீர்மானமாக்கி மேலே அனுப்புங்கள். நகலைச் சங்கத்தில் கொடுங்கள். பணம் வரும்வரை, ஒரு டம்ளர் நிறையத் தண்ணீரும் மேலே மூட ஓர் அட்டையும் போதும். கவிழ்த்தால் அட்டை விழாது. ஏன் என்று பிள்ளைகள் கேட்பார்கள்.