மாரியும் கோடையும் எங்கள் பிள்ளைகளும்

(நூற்றாண்டு விழாவையொட்டிப் பழைய மாணவிகள் சங்கம் நடத்திய ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



என்ன கதைப்பது என்று சங்கச் செயலாளர் அக்காவிடம் கேட்டேன். "பெரிய மருத்துவப் பேச்சு வேண்டாம் பிள்ளை. வீட்டில சின்னப் பிள்ளைகளோட ஒரு வருசம் எப்பிடிப் போகுது எண்டு கதையும்" என்றார். எனக்கும் வீட்டில் ஏழு வயதில் ஒன்றும் நான்கு வயதில் ஒன்றும் இருக்கின்றன. ஆகவே தாயாகப் பாதியும் வைத்தியராகப் பாதியும் கதைக்கிறேன். எது எங்கே முடிகிறது என்று என்னைக் கேட்கக் கூடாது.

ஆண்டு தையில் பிறக்கிறதா சித்திரையில் பிறக்கிறதா என்று பெரியவர்கள் வாதாடுவார்கள். சிறுவர் விடுதியில் வேலை செய்பவர்களுக்கு ஆண்டு ஐப்பசி மழையோடுதான் பிறக்கிறது. குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றும் இல்லை. ஐப்பசி தொடங்கி மார்கழி வரை விழும் மழைதான் எங்கள் கிணறுகளில் ஆண்டு முழுவதும் நிற்கும் தண்ணீர். அந்த மழைக்காக ஊரே காத்திருக்கும். நாங்களும் காத்திருப்போம், வேறு காரணத்துக்காக.

என் வயதுக்காரருக்கு மாரி என்றால் மலேரியா நினைவுக்கு வரும். தொண்ணூறுகளில் மின்சாரம் இல்லாத வீட்டில், குப்பி விளக்கு வெளிச்சத்தில், மூன்று போர்வைக்குள் நடுங்கிக்கொண்டு குளோரோகுயின் கசப்பை விழுங்கியவர்கள் இந்த மண்டபத்திலேயே பலர் இருப்பீர்கள். இலங்கை மலேரியா அற்ற நாடு என்று உலக சுகாதார நிறுவனம் 2016 இல் அறிவித்தது. நாங்கள் கண்ட ஒரு பெரிய வெற்றி அது; அதற்குரிய அளவுக்கு நாங்கள் அதைக் கொண்டாடவில்லை என்பது என் எண்ணம். இன்று மாரியில் எங்களை அலைக்கழிப்பது டெங்கு. மலேரியா நுளம்பு இரவில் கடித்தது. டெங்கு நுளம்பு பகலில் கடிக்கிறது. வலைக்குள் பிள்ளையை இரவில் படுக்க வைத்தால் மட்டும் போதாது; முன்பள்ளிக்குக் காற்சட்டை போட்டுப் போகிற காலும் அதற்குத் தேவையானதுதான்.

டெங்கைப் பற்றி ஒரேயொரு விடயத்தை மட்டும் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல விரும்புகிறேன். சில வருடங்களுக்கு முன் ஒரு கார்த்திகை மாதம் ஒரு தாய் ஐந்து வயது மகளை ஓட்டோவில் கொண்டுவந்தா. மூன்று நாள் காய்ச்சல், நான்காம் நாள் காலை காய்ச்சல் விட்டுவிட்டது. வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. அப்பம்மா நேர்த்திக் காசுகூட எடுத்து வைத்துவிட்டா. தாய்க்கு மட்டும் மனம் கேட்கவில்லை. "காய்ச்சல் இல்லை டொக்டர், ஆனா பிள்ளை விளையாடுதில்லை. கை குளிருது. காலமை தொடங்கி மூத்திரம் போகேல்லை" என்றா. பக்கத்தில் நின்றவர்கள் "காய்ச்சல் விட்ட பிள்ளையை ஏன் ஆஸ்பத்திரிக்கு இழுக்கிறாய்" என்று ஏசியிருக்கிறார்கள். டெங்கில் ஆபத்தான நேரம் பெரும்பாலும் அந்தக் காய்ச்சல் இறங்கும் நேரம்தான். இரத்தக் குழாய்களில் இருந்து நீர்ப்பகுதி வெளியே கசியத் தொடங்குவது அப்போதுதான். ஒரு நாள், ஒன்றரை நாள், சிலவேளை இரண்டு நாள் அது நீடிக்கும். அந்த நேரத்துக்குள் விடுதியில் இருந்தால் அளந்து அளந்து சேலைன் கொடுத்துப் பிள்ளையைக் கரை சேர்த்துவிடலாம். அந்தப் பிள்ளை இப்போது எங்கள் பாடசாலையில்தான் படிக்கிறது. வைத்தியப் புத்தகம் ஒன்றும் அந்தத் தாய் படித்ததில்லை. பிள்ளை விளையாடவில்லை என்பதைக் கண்டா, அதை நம்பினா.

ஆகவே மழைக்காலத்தில் காய்ச்சல் என்றால் சில சங்கதிகள். பரசிற்றமோல் மட்டும் கொடுங்கள்: ஒரு கிலோ நிறைக்கு 15 மில்லிகிராம், ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு முறை, ஒரு நாளில் நான்கு தடவைக்கு மேல் வேண்டாம். 12 கிலோப் பிள்ளைக்கு 180 மில்லிகிராம். 5 மில்லிலீற்றரில் 120 மில்லிகிராம் உள்ள பாணி என்றால் ஏழரை மில்லிலீற்றர். தேக்கரண்டிக் கணக்கு வேண்டாம், சிறிஞ்சில் அளவுங்கள். காய்ச்சல் இறங்கவில்லை என்று பக்கத்து வீட்டில் இருக்கிற அஸ்பிரினோ இபுபுரூபனோ கொடுக்க வேண்டாம், அவை இரத்தப்பெருக்கைக் கூட்டும். மூன்றாம் நாள் இரத்தம் பரிசோதியுங்கள். சிவப்பு, மண்ணிற நிறங்களில் குடிக்கக் கொடுக்காதீர்கள். சத்தி எடுத்தால் அது இரத்தமா சர்பத்தா என்று எங்களால் பிரித்தறிய முடியாமல் போகும். வயிற்று நோவு, விடாத சத்தி, கைகால் குளிர்தல், ஆறு மணித்தியாலமாகச் சிறுநீர் போகாமை, இவற்றில் ஒன்று கண்டாலும் விடியும் வரை பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம்.

மாரியில் இன்னும் இரண்டு பயம் எனக்கு உண்டு. ஒன்று கிணறு. கோடையில் எட்டிப் பார்த்தால் தலை சுற்றும் ஆழத்தில் கிடந்த தண்ணீர், கார்த்திகை கடைசியில் கையால் அள்ளும் அளவுக்கு ஏறிவிடும். தோட்டக் கிணறுகள் பலவற்றுக்குக் கட்டே இல்லை. தண்ணீரில் விழுந்த சின்னப் பிள்ளை குழறாது, கையடித்துக் கூப்பிடாது. சத்தமே இல்லாமல் போய்விடும். ஒரு வலை, ஒரு கம்பிக் கதவு போதும். கோவில் திருவிழாவுக்கு ஒலிபெருக்கி பிடிக்கிற காசில் எத்தனை கிணறுகளுக்கு மூடி போடலாம் என்று நான் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும், பரவாயில்லை.

மற்றது பாம்பு. புற்றுக்குள் வெள்ளம் போனால் அது வீட்டுக்குள் வரும். கட்டுவிரியன் நிலத்தில் பாய் விரித்துப் படுப்பவரை இரவில் கடிக்கும். கடித்தது பலருக்குத் தெரிவதும் இல்லை, காயம் வீங்குவதும் இல்லை. நடுச்சாமத்தில் வயிற்றுக்குத்து என்று பிள்ளை எழும்பி, பிறகு கண்மடல் சோர்ந்து வந்தால், ஓமத் தண்ணீர் வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டாம். உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். கட்டிலில் படுக்க வசதி இல்லாவிட்டால் நுளம்பு வலையைப் பாயின் கீழே நன்றாகச் செருகிவிடுங்கள். அது நுளம்புக்கும் காவல், பாம்புக்கும் காவல்.

மார்கழியில் மழை ஓய்ந்து வாடைக் காற்றும் பனியும் வரும். திருவெம்பாவைக்குச் சங்கு ஊதுகிற அந்த விடியற்புறத்தில் முட்டு வருத்தக்காரப் பிள்ளைகள் விடுதியை நிறைப்பார்கள். இந்த மாதத்தில் நான் ஆகக் கூடுதலாகக் கேட்கும் வசனம்: "பம் மட்டும் வேண்டாம் டொக்டர், பழகிப்போயிடும். பாணி தாங்கோ." நான் ஒரு சின்னக் கணக்குச் சொல்வேன். சல்பியூட்டமோல் பாணி ஒரு கரண்டியில் 2 மில்லிகிராம் இருக்கிறது. நீலப் பம்மை ஒருமுறை அமத்தினால் வருவது 0.1 மில்லிகிராம், இருபதில் ஒரு பங்கு. அதுவும் நேரே நெஞ்சுக்குப் போகிறது. பாணியோ வயிற்றுக்குப் போய், உடம்பெல்லாம் சுற்றி, கையை நடுங்க வைத்து, கடைசியாகத்தான் நெஞ்சுக்கு வருகிறது. இதில் எது பயப்பட வேண்டியது? அது போக, பிள்ளை படுக்கும் அறையில் நுளம்புத்திரி கொளுத்திவிட்டு முட்டுக்கு மருந்து கேட்கிற வீடுகளும் உண்டு. நுளம்புக்கும் வேண்டும் முட்டுக்கும் வேண்டாம் என்றால் வலைதான் வழி.

தை, மாசி எங்களுக்கு நல்ல காலம். பொங்கல் முடிந்து பட்டம் ஏறும். வல்வெட்டித்துறைக் கடற்கரையில் பட்டப்போட்டி பார்க்க நீங்களும் போயிருப்பீர்கள். பனங்கிழங்கு அவித்துத் தும்பு வார்ந்து பிள்ளையின் கையில் கொடுத்தால் அரை மணித்தியாலம் வீடு அமைதி. மாரியில் வருத்தம் வந்த பிள்ளைகளின் கிளினிக் கொப்பியில் நிறைக்கோடு படுத்திருக்கும். அது மெல்ல நிமிர்வது இந்த மாதங்களில்தான். ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு வருடத்தில் ஆறு, எட்டுத் தடவை தடிமன் வருவது வழமை. இதை மாமிமாருக்குக் கேட்கக் கூடியதாகச் சற்று உரத்துச் சொல்கிறேன். பிள்ளைக்கு மூக்கு ஒழுகும் ஒவ்வொரு முறையும் "நீ தலை துடைக்கேல்லை, நீ தோடம்பழம் குடுத்தனீ" என்று தாயைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதற்கு விஞ்ஞானத்தில் இடமில்லை. கணவர் வெளிநாட்டில் இருக்க, தனியாக இரண்டு பிள்ளைகளோடு நித்திரை முழிக்கும் பெண்ணுக்கு அந்த வார்த்தை வருத்தத்தை விடக் கனமானது. இரவு இரண்டு மணிக்கு விடுதியில் என்னிடம் அழுத தாய்மாரில் பலர் பிள்ளையின் காய்ச்சலுக்காக மட்டும் அழவில்லை.

சித்திரை பிறந்தால் மருத்துநீர், கைவிசேடம், பலகாரம், அதோடு வெய்யில். வேர்க்குரு, கொப்புளிப்பான், வயிற்றோட்டம் எல்லாம் வரிசையாக வரும். வயிற்றோட்டத்துக்கு ஜீவனிப் பைக்கற் ஒன்றை ஒரு லீற்றர் கொதித்தாறிய நீரில் முழுதாகக் கரையுங்கள். பாதியைக் கரைத்துப் பாதியை வைக்கிற கதை வேண்டாம்; 24 மணித்தியாலத்துக்குப் பிறகு மிச்சத்தை ஊற்றிவிடுங்கள். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு வெய்யில் என்று கற்கண்டுத் தண்ணீர் பருக்குவதும் இப்போதுதான். "பச்சைப்பிள்ளைக்குத் தண்ணி விடாயாதா பிள்ளை?" என்று அம்மம்மாமார் கேட்பார்கள். விடாய்க்கும் அம்மா, அதனால்தான் அடிக்கடி பால் கேட்கிறது. தாய்ப்பாலில் நூற்றுக்கு 87, 88 பங்கு தண்ணீர்தான். தண்ணீர் தேவைப்படுவது பால் கொடுக்கிற தாய்க்கு. ஒரு செம்புத் தண்ணீரை அவவுக்குக் கொண்டுபோய்க் கொடுங்கள். இன்னொன்று: மண்ணெண்ணெயைச் சோடாப் போத்தலில் வைக்காதீர்கள். விடாய்த்த பிள்ளை அதை எடுத்துக் குடிக்கும். குடித்துவிட்டால் சத்தி எடுக்க வைக்கவும் கூடாது, அது நெஞ்சுக்குள் போய்விடும்.

வைகாசியில் சோளகம் கிளம்பும். புழுதி, கண்ணோவு, திரும்பவும் கொஞ்சம் முட்டு. ஆனால் கறுத்தக்கொழும்பானும் நுங்கும் இந்தக் காலத்தில்தான், ஆகவே பிள்ளைகளிடம் முறைப்பாடு இல்லை. ஆடிப்பிறப்புக்குக் கூழும் கொழுக்கட்டையும், பிறகு பனங்காய்ப் பணியாரம், நல்லூர்க் கந்தனின் இருபத்தைந்து நாள் திருவிழா. அப்போதுதான் நீங்கள் வருவீர்கள். லண்டன், ரொறன்ரோ, மெல்பேர்ண் என்று சிதறிப்போன எங்கள் தோழிகளைச் சொல்கிறேன். உங்கள் பிள்ளைகளுக்கு இங்கே எல்லாம் புதினம். ஆடு, கோழி, எல்லாவற்றையும் விட நாய். உங்கள் ஊரில் நாயைத் தடவிப் பழகிய கை இங்கே தெரு நாயையும் தடவும். கடித்தாலோ கீறினாலோ உடனே ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவாருங்கள். விசர்நாய்க்கடிக்குத் தடுப்பூசி உண்டு, வருத்தம் தொடங்கிய பின் மருந்து இல்லை. அம்மா ஏசுவா என்று பிள்ளை மறைத்துவிடும். ஆகவே ஏசமாட்டேன் என்று முதலே சொல்லி வையுங்கள்.

நீங்கள் திரும்பிப் போய்ச் சேர, அங்கே இலை உதிரும், பின்னேரம் நான்கு மணிக்கே இருட்டும். எங்கள் தோல் நிறத்துக்கு அந்த நாட்டு மாரி வெய்யில் போதாது. பிரித்தானியாவில் ஒன்று முதல் நான்கு வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு ஆண்டு முழுவதும் தினமும் 10 மைக்குரோகிராம் விற்றமின் டி கொடுக்கச் சொல்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் இருக்கிற அம்மம்மா வீடியோவில் "அதெல்லாம் என்னத்துக்கு, நாங்கள் குடிச்சனாங்களே" என்பா. அவ வெய்யிலில் வளர்ந்தவ. நீங்கள் துளிமருந்தைக் கொடுங்கள்.

இங்கே புரட்டாதியில் எங்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. பாடசாலையில் மாரிக்கு முன் சிரமதானம் செய்வோமே, அதேதான். கூரைப் பீலிக்குள் கிடக்கும் வேப்பஞ்சருகை அள்ளுவது, சிரட்டை, தயிர்ச்சட்டி, பழைய ரயர் எல்லாவற்றையும் கவிழ்ப்பது அல்லது அகற்றுவது, கிணற்றுக்கு வலை கட்டுவது, பம் முடிந்துவிட்டதா என்று பார்ப்பது. எங்கள் வீட்டில் சிரட்டை பொறுக்குவது நான்கு வயதுக்காரனின் வேலை. ஒன்றுக்கு ஒரு ரூபா. போன வருடம் அடுத்த வீட்டு வளவில் இருந்தும் கொண்டுவந்து என்னிடம் காசு வாங்கினான்.

இந்த மாதம் புரட்டாதிதான். இன்னும் மூன்று கிழமை இருக்கிறது. கேள்வி இருப்பவர்கள் தேநீர் வேளையில் என்னைப் பிடியுங்கள். பிள்ளையின் கிளினிக் கொப்பி கைப்பையில் இருந்தால் அதையும் கொண்டுவாருங்கள்.