பாலுக்கும் வேரியபிள் பே

போன வாரம் ஒரு நண்பர் கேட்டிருந்தார்: "பாக்கெட் பால் விலை ஏறுனா, மாடு வச்சிருக்கறவங்களுக்கு லாபம்தானே?" அப்படி நேரா ஓடுற கணக்கு இல்லைங்க இது.

2021 மே மாசம் ஆட்சி மாறினதும் ஆவின் பால் லிட்டருக்கு 3 ரூபாய் குறைஞ்சது. நமக்கெல்லாம் சந்தோஷம். ஆனா விவசாயிக்குக் கொடுக்கற கொள்முதல் விலை? பசும்பாலுக்கு 2019 ஆகஸ்ட்ல வெச்ச அதே 32 ரூபாய். அது 35 ஆனது 2022 நவம்பர்ல. அப்பதான் ஆரஞ்சு பாக்கெட் 48-லருந்து 60 ஆச்சு. கார்டு வச்சிருக்கறவங்களுக்கு மட்டும் 46. பச்சையும் நீலமும் அசையவே இல்லை. ஓட்டு எங்க இருக்கோ அங்க விலை அசையாது, இது என்னோட கருத்து.

2023 மார்ச்ல லிட்டருக்கு 7 ரூபாய் கூட்டிக் கேட்டுப் பால் உற்பத்தியாளர்கள் போராடினாங்க. டிசம்பர் 18-லருந்து 3 ரூபாய் கிடைச்சது. அதோட பேர் விலை இல்லை, ஊக்கத்தொகை. ஐ.டி. ஆளுங்களுக்கு இது உடனே புரியும். ஃபிக்ஸட் பே ஏறல, வேரியபிள் பே சேர்த்திருக்காங்க. அதுக்கு அரசு தனியா நிதி ஒதுக்கணும். ஒதுக்கறது தள்ளிப்போனா காசும் தள்ளிப்போகும். வேரியபிளை நம்பி யாராவது வீட்டு லோன் போடுவோமா? மாட்டு லோன் மட்டும் எப்படிப் போடறது?

எங்க பெரியம்மா குண்டடம் பக்கம் ரெண்டு ஜெர்சி மாடு வச்சிருக்காங்க. நாளைக்குப் பத்து லிட்டர் ஊத்துறாங்க. அந்த 3 ரூபாய், மாசம் 900. "ஒரு மூட்டை தீவனத்துக்கே பத்தாது கண்ணு"ங்கறாங்க. அது மேட்டாங்காடு, மழையை நம்பின பூமி. காங்கேயம் மாடுன்னா கொறங்காட்டுல கொழுக்கட்டைப் புல்லை மேஞ்சு பொழைச்சுக்கும், ஆனா பால் கம்மி. ஜெர்சிக்குத் தீவனம் வாங்கியே ஆகணும்.

இன்னொரு பக்கம், தினமும் காலைல பனியன் கம்பெனி வேன் ஊருக்குள்ளயே வந்து நிக்குது. ஏறினா வாரச் சம்பளம். அதுல ஃபேட் எவ்வளவு, எஸ்.என்.எஃப். எவ்வளவுன்னு யாரும் அளந்து பிடிக்கறதில்லை. பெரியம்மா வீட்டு மருமக போன வருஷம் ஏறிட்டாங்க. ரெண்டு மாட்டுக்கும் இப்போ ஒரே ஆள். ஒண்ணை விலைபேச யாவாரி ரெண்டு தடவை வந்துட்டுப் போயாச்சு.