முதுமையில் கற்ற ஜப்பானியம்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தமிழ் வளர்க்கக் கூடிய மன்றத்தில் பிறமொழி ஒன்றைப் பற்றிப் பேச வந்தமைக்கு முதற்கண் உங்கள் பொறுமையை வேண்டுகிறேன். நம் செயலாளர் அவர்கள், "எதைப் பற்றி வேண்டுமாயினும் பேசலாம், அரை மணிக்குள் முடித்தால் போதும்" என்றார். விருந்து காத்திருப்பதை நானும் அறிவேன்.

நாற்பது ஆண்டுகளுக்கு முன் பிழைப்பை நாடி இப்புனே நகருக்கு வந்தபோது, மராத்தியைக் காய்கறிக் கடையில் கற்றேன். ஜப்பானியத்தைக் கற்க அத்தகைய கடை வாய்க்கவில்லை. என் மகன் யோக்கஹாமா நகரில் பணிபுரிந்து அந்நாட்டுப் பெண்ணையே மணந்துகொண்டான். பேரன் பிறந்தான். அவன் பேசுவது தாய்மொழி, அதாவது தாயின் மொழி. தமிழில் அவன் அறிந்தவை 'பாட்டி', 'வா', 'காபி' என்னும் மூன்று சொற்களே. மூன்றாவது தமிழ்ச் சொல்தானா என்று புலவர்கள் வினவக்கூடும். பேரனோடு பேசும் ஆசையால், 63-ஆம் வயதில், மாணவனாகப் பலகையின் முன் அமர்ந்தேன். நற்பேறாக, இந்நகரில் ஜப்பானியம் கற்பிப்போர்க்குப் பஞ்சமில்லை.

தொடக்கம் தமிழனுக்கு இனிதே செல்லும். அவர்களுடைய அசையெழுத்துக்கள் இரண்டு தொகுதி, தொகுதிக்கு 46. அவற்றின் வரிசை அ, இ, உ, எ, ஒ என்று தொடங்கிக் க, ஸ, த, ந என்று நடக்கிறது. பௌத்தத் துறவிகள் வழியாகச் சென்ற வடமொழி ஒலிநூலைத் தழுவி அமைந்த வரிசை அது. வாக்கியத்தில் வினைச்சொல் இறுதியில் வரும். உருபு பெயருக்குப் பின் நிற்கும். 'தபேத்தே மிரு' என்பதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் 'உண்டு பார்' என்றாகும். உண்பதைக் கண்ணால் பார்ப்பதா என்று ஆங்கிலேயன் திகைப்பான், நாம் திகைப்பதில்லை. 'செய்து வை', 'செய்துவிடு' என்பனவற்றிற்கும் அங்கே நேர் வடிவங்கள் உண்டு.

இத்தகைய ஒற்றுமைகளைக் கண்டு, ஜப்பானியத்தின் மூலம் தமிழே என்று வாதிட்டவர் ஸுஸுமு ஓனோ என்னும் பேராசிரியர். அவர் 1919-இல் பிறந்து 2008-இல் மறைந்தார். நம்மவர்க்கு இனிக்கும் செய்திதான். ஆயினும் மொழிநூலார் பெரும்பாலோர் அதனை ஏற்கவில்லை. வினையை இறுதியில் வைக்கும் வழக்கம் துருக்கியர்க்கும் கொரியர்க்கும் உண்டு. நடை ஒத்திருந்தால் உறவினர் ஆகிவிடுவதில்லை. பெருமையை ஒருபுறம் வைத்துவிட்டு மேலே செல்வோம்.

இடர் இடைநிலையில் வருகிறது. அந்நாட்டார் பிறநாட்டவர்க்கு நடத்தும் மொழித்தேர்வில் 2010 முதல் ஐந்து படிகள் உள்ளன. நடுவிலுள்ள மூன்றாம் படியில்தான் நான் வழுக்கி விழுந்தேன். கீழ்ப்படிகளில் விலை கேட்கலாம், வழி கேட்கலாம். நடுப்படிக்கு வந்ததும் 'எனக்கு அவ்வாறு தோன்றுகிறது', 'அவர் வருந்தினார் போலும்', 'அன்று அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்' என்றெல்லாம் மனத்தைத் திறந்து கூற வேண்டியிருக்கிறது. விலை கேட்கத் தெரிந்தவனுக்கு மனத்தை எடுத்துரைக்கத் தெரிவதில்லை. இவற்றோடு அன்றாட வழக்குக்கென அந்நாட்டு அரசு வகுத்த சித்திர எழுத்துக்கள் 2136. அங்கே பள்ளிப்பிள்ளைகள் முதல் ஆறு ஆண்டுகளில் 1026 எழுத்துக்களைக் கற்கிறார்கள். என் நினைவாற்றலோ மூக்குக்கண்ணாடியை வைத்த இடத்தைக் கூட மறப்பது.

தேர்வில் தவறிய செய்தியைச் சொன்னபோது ஆசிரியை சிரித்தார். "பாடநூலை மூடி வையுங்கள். நாள்தோறும் அன்று செய்ததையும் நினைத்ததையும் ஐந்து வாக்கியங்களில் எழுதிக் கொண்டு வாருங்கள்" என்றார். மனம் போன போக்கில் சிறு நிகழ்ச்சிகளை எழுதி அவற்றினூடே வாழ்க்கையை ஆராய்வது அவர்களிடம் பழைய இலக்கிய மரபு. கென்கோ என்னும் துறவி 1330-ஐ ஒட்டி எழுதிய 'ஸுரேஸுரேகுஸா' அதற்குப் புகழ்பெற்ற சான்று. 243 பகுதிகள் கொண்டது. நான் எழுதியவை குழாயில் நீர் வராத செய்தியும் முழங்கால் வலியுமே.

ஆயினும் எழுத எழுத, பொருளறியாமல் ஒப்பித்த சொற்கள் விழித்துக்கொண்டன. உண்ணத் தொடங்குமுன் அவர்கள் 'இத்ததக்கிமாஸ்' என்பார்கள். தலையின்மேல் ஏந்திப் பெறுகிறேன் என்பது அதன் அடிப்பொருள். நம் 'சிரமேற்கொள்ளுதல்' அன்றோ அது! உண்டு முடித்தபின் சொல்லும் 'கொச்சிஸோஸமா' என்னும் சொல்லினுள் 'ஓடுதல்' என்னும் பொருளுடைய எழுத்துக்கள் இரண்டு உள்ளன. ஒரு வேளைச் சோற்றுக்காக எவரோ ஓடியாடியிருக்கிறார் என்னும் நினைவு அதில் தங்கியிருக்கிறது. இதை எழுதிய அன்று, நாற்பது ஆண்டுகள் எனக்காக அடுக்களையில் ஓடியாடியவளிடம் நான் ஒருநாளும் அவ்வாறு சொன்னதில்லை என்பதும் நினைவுக்கு வந்தது. நலமா என்று வினவினால் 'ஒக்காகேஸமா தே' என்பார்கள். 'தங்கள் நிழலில் நலம்' என்பது கருத்து. வீட்டை விட்டுப் புறப்படுகையில் 'இத்தேக்கிமாஸ்' என்பார்கள். அது நம் 'போய் வருகிறேன்'தான். 'போகிறேன்' என்று தனியே சொல்ல நம் பாட்டிமார் விடுவதில்லை அல்லவா?

எனக்கு நெடுநாள் பிடிபடாமல் இருந்தது கொடுத்தல் பற்றிய இலக்கணம். பிறர் எனக்குத் தருவதற்கு 'குரேரு'. நான் பிறர்க்குக் கொடுப்பதற்கு 'அகேரு'. ஏன் இரண்டு என்று சலித்துக்கொண்டேன். பின்னரே, தருதலும் வருதலும் தன்மை முன்னிலைகட்கும், செல்லுதலும் கொடுத்தலும் படர்க்கைக்கும் உரியன என்று தொல்காப்பியச் சொல்லதிகாரம் வகுத்திருப்பது நினைவுக்கு வந்தது. முன்னிலை வகையில் இரு மொழிகளும் வேறுபடினும் அடிப்படை நோக்கு ஒன்றே. மலையாளத்தார் இவ்வேறுபாட்டை இன்றும் காக்கின்றனர். நாம் கலந்து வழங்கி மறந்துவிட்டோம். மறந்ததை ஜப்பானியப் பாடநூலில் கண்டெடுத்தேன்.

சென்ற ஆண்டு என் மனைவியார் காலமானார். காரியங்கள் முடிந்தபின் மகன் என்னைத் தன்னுடன் அழைத்துச் சென்றான். ஐந்து வயதுப் பேரன் வாயிலில் என் பின்னால் எட்டிப் பார்த்து, பாட்டி எங்கே என்று கேட்டான். நான் பாடநூலில் கற்ற மரியாதைச் சொல்லை நினைவுகூர்ந்து, 'நகுனரிமஷ்தா' என்றேன். காலமாவதற்கு அவர்கள் வழங்கும் சொல் அது. ஆனால் பென்சில் காணாமற் போனாலும், பால் தீர்ந்துவிட்டாலும் ஒலியளவில் அதே சொல்தான். எழுத்தில் வேறுபாடு உண்டு. எழுத்தறியாப் பிள்ளைக்கு அது எங்ஙனம் விளங்கும்? நாமும் 'தவறிப்போனார்' என்கிறோமே! பையன் என் கையைப் பற்றி, 'ஸகாஷிதே அகேரு' என்றான். 'நான் உனக்குத் தேடிக் கொடுக்கிறேன்' என்று பொருள். பெரியோரிடம் 'அகேரு' சேர்த்துப் பேசுவது மரியாதைக் குறைவு என்று என் இலக்கண நூல் கூறுகிறது. தேர்வில் நான் தவறவிட்ட அந்த 'அகேரு' அன்றுதான் எனக்கு முழுதும் விளங்கிற்று.

'ஸகாஷிதே மோ இனாய்' என்றேன். 'தேடினாலும் இல்லை.' அதற்குமேல் சொல்ல என்னிடம் மொழி இல்லை. பையன் சற்று நேரம் நின்று, பிறகு செருப்புகளை எடுத்து வரிசையில் வைத்தான். மருமகள் ஒன்றும் பேசவில்லை. மறுநாள், தன் தாத்தாவின் படம் இருந்த வழிபாட்டு மாடத்தின் அருகே என் மனைவியின் படத்தையும் வைத்தாள். காலைதோறும் பேரன் அங்கே ஒரு சிறு கிண்ணத்தில் காபி வைக்கிறான். சர்க்கரை குறைவு என்பதையும் நினைவில் வைத்திருக்கிறான்.

ஊர் திரும்பியபின் இதனை எழுதி ஆசிரியையிடம் காட்டினேன். என் பிழைகள் மலிந்த ஏட்டில் அன்று அவர் திருத்தியது ஒரே ஓர் இடைச்சொல். 'மனைவி இல்லை' என்னும் தொடரில் நான் 'கா' என்று எழுதியிருந்தேன். அதனை அடித்து 'வா' என்று மாற்றினார். காரணம் கேட்டேன். "புதிதாக ஒருவரை எடுத்துச் சொல்வதற்குக் 'கா'. முன்பே நெஞ்சில் இருப்பவரைப் பற்றிச் சொல்வதற்கு 'வா'" என்றார்.

வருகிற டிசம்பரில் மூன்றாம் படித் தேர்வை மீண்டும் எழுதுகிறேன். அதில் வாய் திறந்து பேசும் பகுதி கிடையாது என்பது ஒரு குறைதான். சங்கத்துப் படிப்பறையை ஞாயிறு காலையில் ஒரு மணி நேரம் தருவதாகச் செயலாளர் இசைந்திருக்கிறார். ஜப்பானியத்தில் நாட்குறிப்பு எழுத விரும்பும் அன்பர்கள் வரலாம். எழுத்துக்களைக் கற்பிக்க என்னால் இயலும். கோடிட்ட நோட்டு ஒன்று கொண்டு வந்தால் போதும்.