ஊராட்சிக் கட்டடத்தில் டிஜிட்டல் கடிகாரம்

(ஊராட்சி உறுப்பினர் பயிற்சி முகாம் ஒன்றில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஊராட்சிக் கட்டடத்தின் முகப்பில் டிஜிட்டல் கடிகாரம் ஒன்று வைக்க வேண்டும் என்னும் விருப்பம் பல ஊர்களில் இன்று எழுந்திருக்கிறது. ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் கைபேசி இருக்கும்போது ஊருக்கென ஒரு கடிகாரம் எதற்கு என்று கேட்போரும் உண்டு. பங்குக் கிணற்றில் முறை வைத்து நீர் இறைக்கும் உழவரைக் கேட்டால் அதற்கு விடை கிடைக்கும். ஒருவர் முறை முடிந்து அடுத்தவர் முறை தொடங்கும் வேளையில், எதிராளியின் கைக்கடிகாரத்தை நம்ப யாருக்கும் மனம் வருவதில்லை. பத்து நிமிட வேறுபாடு வாய்ச்சொல்லில் தொடங்கி வரப்பில் போய் முடிகிறது. இருவருக்கும் பொதுவாய், ஒருவர் கையிலும் அகப்படாததாய், சுவரில் நின்று நேரம் சொல்லும் கருவிக்கு இன்றும் வேலை இருக்கிறது.

ஆனால் ஒன்று. நின்றுபோன கடிகாரத்தை ஊரார் ஒரு வாரத்தில் மறந்துவிடுவர். அதனால் பெருந்தீங்கு இல்லை. ஓடிக்கொண்டே தவறான நேரம் காட்டும் கடிகாரத்தையோ ஊரார் நம்புகின்றனர். அதை நம்பி நடந்து வந்த ஒரு தாய், பிள்ளையை மருத்துவமனைக்குக் கொண்டு செல்லும் காலைப் பேருந்தைத் தவறவிட்டால், அந்தக் கடிகாரத்தை வைத்தவர்களுக்கு அதில் பொறுப்பு இல்லை என்று சொல்ல முடியுமா? எனவே கடிகாரத்தின் அழகைக் காட்டிலும், அதன் பின்னால் சுவருக்குள் மறைந்திருக்கும் ஏற்பாடுகளைப் பற்றியே நாம் அதிகம் பேச விரும்புகிறோம்.

முதலில் இடம். மேற்குச் சுவரில் பிற்பகல் வெயில் நேரே அடிக்கும். எண்கள் கண்ணுக்குத் தெரியாது, உள்ளிருக்கும் உறுப்புகளும் காய்ந்துபோகும். தாழ்வாரத்தின் நிழலிலோ, சன்னல் மேலுள்ள சிமென்ட் மறைப்பின் கீழோ வைப்பது நலம். எண்ணின் உயரம் எவ்வளவு வேண்டும் என்று விலைப்பட்டியலைப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். நான்கு அங்குலத்தில் ஒன்றும் ஆறு அங்குலத்தில் ஒன்றுமாக அட்டையில் எண்களை வெட்டிச் சுவரில் ஒட்டிவிட்டு, பேருந்து நிற்கும் இடத்திலிருந்து ஊரில் வயது முதிர்ந்த ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். அவர் படித்துச் சொல்லும் அளவே உங்கள் அளவு.

அடுத்தது மின்சாரம். இங்கேதான் பெரும்பாலான ஏமாற்றங்கள் நிகழ்கின்றன. நான்கு எண் கொண்ட நடுத்தரக் கடிகாரம் 10 வாட் எடுக்கிறது என்று வைத்துக்கொண்டால், இரவும் பகலும் எரிந்தாலும் மாதத்துக்கு 7 யூனிட்டுக்குச் சற்று அதிகமாகும். செலவு பொருட்டே அன்று. ஆயினும் அந்தச் சிறிதளவு மின்சாரத்தை எங்கிருந்து எடுப்பது என்பது முக்கியம். தெருவிளக்குக் கம்பம் அருகில் இருக்கிறதே என்று அதிலிருந்து இழுப்பது சட்டத்துக்கும் ஒவ்வாது, பயனும் தராது. பகலில் அந்தக் கம்பியில் மின்சாரமே இராது. குடிநீர் மோட்டார் இணைப்பிலிருந்தும் எடுக்கலாகாது. மோட்டார் கிளம்பும் ஒவ்வொரு முறையும் மின்னழுத்தம் ஒரு கணம் தாழும். அந்தத் தாழ்வில் கடிகாரத்துக்கு மயக்கம் வந்துவிடும். கட்டடத்தின் விளக்குச் சுற்றிலிருந்து, அதற்குரிய எம்.சி.பி. வழியாக, 1.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியில் தனிக் கிளை எடுப்பதே முறை. வேலையைத் தகுதிச் சான்று பெற்ற மின்கம்பியாளிடம் ஒப்படையுங்கள். மெயினை நிறுத்தி, மின்சாரம் இல்லை என்பதை உறுதி செய்த பிறகே அவர் கம்பியில் கை வைக்க வேண்டும். டெஸ்டர் எரியவில்லை என்பது மட்டும் போதிய சாட்சி அன்று.

கடிகாரம் நேரடியாக 230 வோல்ட்டில் ஓடுவதில்லை. அடாப்டர் என்னும் சிறு பெட்டி அதை 5 வோல்ட்டாகவோ 12 வோல்ட்டாகவோ குறைத்துத் தருகிறது. இந்த அடாப்டரை எங்கே வைப்பது? அலுவலக மேசைக்கு அருகிலுள்ள பிளக்கில் செருகி, அங்கிருந்து மெல்லிய கம்பியை முகப்பு வரை இழுத்துவிடுவது பலரும் செய்யும் வேலை. பார்ப்பதற்கு எளிது, கணக்குப் போட்டால் குறை தெரியும். முகப்பு 20 மீட்டர் தொலைவு என்று கொள்வோம். மின்சாரம் போகவும் வரவும் 40 மீட்டர் கம்பி. அரை சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பிக்கு இத்தனை நீளத்தில் ஏறத்தாழ 1.4 ஓம் தடை உண்டு. கடிகாரம் 1 ஆம்பியர் எடுத்தால் 1.4 வோல்ட் வழியிலேயே தொலையும். 5 வோல்ட்டில் கடிகாரத்துக்குச் சேர்வது 3.6 வோல்ட்தான். வாய்க்காலில் கசிந்தது போகக் கடைமடைக்கு எவ்வளவு நீர் வரும் என்பது உழவர்களுக்குத் தெரியாததா?

இந்தக் குறையைக் கருவி எதுவும் இன்றிக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. டிஜிட்டல் கடிகாரத்தின் ஒவ்வோர் எண்ணும் ஏழு ஒளிக்கோடுகளால் ஆனது. 1 என்று காட்ட இரண்டு கோடுகள் போதும். 8 என்று காட்ட ஏழும் எரிய வேண்டும். 0 காட்ட ஆறு. ஆக, 11:11 என்னும்போது எட்டுக் கோடுகள் எரிகின்றன. 08:08 என்னும்போது இருபத்தாறு. கடிகாரம் 11:11-க்குப் பளிச்சென்று இருந்து 08:08-க்கு மங்கினால், கடிகாரத்தின்மேல் குற்றம் இல்லை, கம்பி மெலிந்தது என்று அறிந்துகொள்ளலாம். கடைக்காரரிடம் சண்டைக்குப் போவதற்கு முன் இதைப் பார்த்துவிடுவது நல்லது. 230 வோல்ட்டையே முறையான குழாய்க்குள் முகப்பு வரை கொண்டுசென்று, கடிகாரத்துக்கு அருகில் மழை படாத பெட்டியில் அடாப்டரை வைப்பதே இதற்குப் பரிகாரம். இயலாவிட்டால் 12 வோல்ட் கடிகாரம் வாங்கிக் கம்பியின் பருமனைக் கூட்டுங்கள்.

இப்போது உயிருக்குரிய செய்திக்கு வருகிறோம். கிளைக் கம்பி மூன்று இழை கொண்டதாக இருக்க வேண்டும்: சிவப்பு பேஸ், கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த்து. சுவிட்ச் பேஸ் இழையில்தான் அமைய வேண்டும். கடிகாரத்தின் கூடு இரும்பாகவோ அலுமினியமாகவோ இருந்தால் எர்த்து இழையை அதில் இறுக்கமாக முடுக்க வேண்டும். அருகில் நியூட்ரல் கிடைக்கவில்லை என்று எர்த்துக் கம்பியையே நியூட்ரலாகப் பயன்படுத்தும் வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. இதை நாம் மிகவும் வன்மையாகக் கண்டிக்கிறோம். சித்திரை, வைகாசியில் மண் உலர்ந்து எர்த்துக் குழி பயனற்றுப்போகும். அல்லது கம்பி துருப்பிடித்து எங்கேனும் அறும். அந்த வேளையில் எர்த்தில் சேர்ந்த ஒவ்வோர் இரும்புப் பொருளிலும், பீரோவானாலும் தண்ணீர்ச் சுத்திகரிப்புக் கருவியானாலும், 230 வோல்ட் வந்து நிற்கும். கடிகாரத்துக்காக இழுத்த கம்பி, தண்ணீர் பிடிக்க வந்த குழந்தையின் கையைச் சுடும்.

ஆர்.சி.சி.பி. என்னும் பாதுகாப்புச் சுவிட்ச் இல்லாத பழைய கட்டடங்களில், கடிகாரச் செலவோடு அதையும் சேர்த்துப் போட்டுவிடுங்கள். பேஸ் வழியே போன மின்சாரம் நியூட்ரல் வழியே முழுதும் திரும்புகிறதா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். 30 மில்லி ஆம்பியர் அளவுக்கு வேறு வழியில் கசிந்தாலும் இணைப்பை அறுத்துவிடும். அதிலுள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒரு முறை அழுத்திப் பாருங்கள். உங்கள் ஊரில் பணம் ஒன்றுக்குத்தான் போதும் என்றால், இந்த ஆண்டு ஆர்.சி.சி.பி., அடுத்த ஆண்டு கடிகாரம் என்பதே நம் யோசனை.

சுவரில் பொருத்துவதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. திருகாணி பூச்சில் மட்டும் நில்லாமல் செங்கல்லுக்குள் இறங்க வேண்டும். வெளியே வைக்கும் கடிகாரத்துக்குள் ஐப்பசி அடைமழை கம்பி வழியாகவே இறங்கிவிடும் என்பதால், கம்பியைப் பெட்டிக்குக் கீழே சற்றுத் தொங்கவிட்டு, கீழிருந்து மேலாக உள்ளே நுழைக்க வேண்டும். நீர் அந்த வளைவில் சொட்டிப்போகும். துளைகளை அடைக்காமல் விட்டால் பல்லியும் குளவியும் குடியேறும். பல்லிக்கு இந்த வெதுவெதுப்பில் தனி ஆசை.

இனி நேரம் பிசகாதிருப்பது எப்படி? மலிவான கடிகாரங்களுள் சில, மின்சாரத்தின் வினாடிக்கு 50 அலைகளை எண்ணியே நேரம் கணிக்கின்றன. அலை 49.9 ஆகக் குறைந்து நாள் முழுதும் அப்படியே இருந்தால், அவை அன்றைக்கு ஏறத்தாழ 3 நிமிடம் பின்தங்கும். பொது இடத்துக்கு இவை வேண்டாம். குவார்ட்ஸ் படிகம் வினாடிக்கு 32,768 முறை அதிர்வதை எண்ணுபவை இவற்றினும் மேல். அவற்றிலும் சாதாரணமானவை ஆண்டுக்குப் பத்து நிமிடம் வரை விலகக்கூடும். வெப்ப மாறுதலுக்கு ஈடுசெய்யும் வகை ஆண்டுக்கு ஒரு நிமிட அளவில் நிற்கும். செயற்கைக்கோளிலிருந்து நேரம் பெறும் ஜி.பி.எஸ். கடிகாரமும் உண்டு. அதன் ஏரியலுக்குத் திறந்த வானம் வேண்டும். ஆனால் கட்டடத்தின் உச்சியில் நட்டு இடியை வரவேற்க வேண்டாம். கோள் தருவது உலகப் பொது நேரம். நம் நேரம் அதற்கு 5 மணி 30 நிமிடம் முந்தியது. முழு மணிக் கணக்கை மட்டும் ஏற்று, அரை மணியை ஏற்காத கருவி நமக்கு உதவாது. வாங்கும்போதே கடையில் வைத்துப் பார்த்துவிடுங்கள்.

கடிகாரம் ஓடத் தொடங்கியதும், நிழலை அடியால் அளந்து பொழுதறிந்த முதியவர்கள் "இது தவறு, உச்சிப்பொழுது இன்னும் ஆகவில்லை" என்று சொல்லக்கூடும். அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. இந்திய நேரம் 82½ பாகைத் தீர்க்கரேகையைக் கொண்டு 1906 ஜனவரி 1 முதல் வழங்குகிறது. அதற்கு முன் ரயில்கள் ஓடிய சென்னை நேரம் அதனினும் 9 நிமிடம் பின்தங்கியது. கோவைப் பக்கத்தில் சூரியன் உச்சிக்கு வருவது, ஆண்டுச் சராசரியில், கடிகாரப்படி 12 மணி 22 நிமிடத்துக்கு. சூரியனும் பொய் சொல்லவில்லை, கடிகாரமும் பொய் சொல்லவில்லை என்று அவர்களுக்கு மரியாதையோடு விளக்குங்கள்.

மின்தடையின்போது நேரத்தைக் காப்பது உள்ளே இருக்கும் காசு வடிவ 3 வோல்ட் செல். மின்சாரம் திரும்பியதும் கடிகாரம் 12:00 என்று சிமிட்டினால் அந்தச் செல் தீர்ந்தது என்று பொருள். பொருத்திய அன்றே மெயினை ஒரு மணி நேரம் நிறுத்திவைத்துச் சோதித்த பிறகே ஒப்பந்தக்காரருக்குப் பணம் கொடுங்கள். மாதம் முதல் தேதியில் நேரத்தை வானொலியோடு ஒப்பிட்டுத் திருத்தவும், கையேட்டில் குறிக்கவும் ஒருவரைப் பெயர் சொல்லி நியமிக்க வேண்டும். எல்லோர் பொறுப்பும் என்று விட்டால் சாவி எங்கே என்பதே மறந்துபோகும்.

செல்லை இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒரு முறை, பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது, கையோடு மாற்றிவிடலாம். எடுத்த பழைய செல்லைச் சன்னல் திட்டில் வைக்காதீர்கள். குழந்தை விழுங்கிவிட்டால் அது உணவுக்குழாயைச் சில மணி நேரத்திலேயே அரித்துவிடும். உடனே மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்ல வேண்டியதாகும். போகித் தீயிலும் போடலாகாது, வெடிக்கும். இரு பக்கமும் ஒட்டுத்தாள் சுற்றி, தனி டப்பாவில் இட்டு, மின்னணுக் கழிவு சேர்ப்போரிடம் கொடுத்துவிடுங்கள்.