வினைவழியும் பொருள்வழியும்

(திருக்கோவிலூரில் கூடிய நம் சங்கக் கூட்டத்திற் பேசியது)



நம் சங்கத்துக் கல்வி உதவி இணையதளத்தைப் புதுக்குங்கால், நிரலை வினைவழி எழுதுவதா பொருள்வழி எழுதுவதா என்று வாலிபர் இருவர் எம்மிடம் வழக்காடினர். தமிழாசிரியனுக்கு இவ்வழக்கு எதற்கென்பீர். தொல்காப்பியர் பெயரியலும் வினையியலும் தனித்தனி வகுத்ததை நாளும் பாடஞ் சொல்வோர் யாம். வினைவழியில் செய்தொழில்கள் வரிசையாய் நிற்கும். பொருள்வழியிலோ 'விண்ணப்பம்' என்னும் பெயர் தன் விவரங்களையும் தனக்குரிய வினைகளையும் தன்னகத்தே கொள்ளும். பின்னையது 1960களில் நார்வே நாட்டிற் பிறந்த சிமுலா மொழியோடு வந்தது. 1995-இல் வெளிவந்த பி.எச்.பி. மொழி, 2004-இல் ஐந்தாம் பதிப்பிலேதான் அதற்கு முழு இடமளித்தது. 2003-இல் தோன்றிய வேர்ட்பிரஸோ இன்றும் தனிச் செயற்கூறுகளை மிகுதியும் நம்பியே நடக்கின்றது. ஆதலின் பழையது பயனற்றதென்பார் கூற்றுப் பொருந்தாது.

ஆயினும் சென்ற ஆண்டு நிகழ்ந்ததைச் சொல்லாதிருத்தல் இயலாது. வருமான வரம்பை உயர்த்தினோம். அவ்வரம்பு நிரலில் மூன்றிடத்து எழுதப்பட்டிருந்தது, திருத்தியது இரண்டே. கல்வராயன் மலையடிவாரத்து மாணவி ஒருத்தியின் விண்ணப்பம் தள்ளுண்டது. யாம் அறிந்தது கல்லூரி திறந்த பின்னரே. இது வினைவழியின் குற்றமன்று. ஒரே செயற்கூற்றில் வைத்திருப்பின் அதுவும் காத்திருக்கும். எனினும் பொருள்வழியில் விதி தங்கவேண்டிய இடம் தானே புலப்படும். அறிமுகப் பக்கங்களை உள்ளபடியே விடுக. விண்ணப்பத்தை மட்டும் பொருளாக்குக. சித்திரைக்குள் முடிதல் வேண்டும். வைகாசியில் பிள்ளைகள் விண்ணப்பிக்கத் தொடங்குவர்.