தாழிக்கு முந்திய துயரம்



ஈமத்தாழி என்றதும் நம் நெஞ்சில் எழுவது புறநானூற்றின் 256ஆம் பாடல். கணவனை இழந்தவள் குயவரை நோக்கி, தாழியைத் தனக்கும் இடமிருக்குமாறு அகலமாக வனையும்படி வேண்டுகிறாள். அவள் விழைவை அவள் வாய்மொழியாகவே கேட்கிறோம். சொல்லே எஞ்சாத புதைகுழிகளை எவ்வாறு படிப்பது? இன்று நான் எண்ணிப் பார்க்க விரும்புவது இதுவே.

நம் பகுதியில், திருப்பத்தூரை அடுத்த பையம்பள்ளியில் 1960களில் நிகழ்ந்த அகழாய்வு புதிய கற்கால, பெருங்கற்கால வாழ்வை வெளிப்படுத்தியது. அம்மக்கள் உழவும் மட்கலமும் அறிந்தவர்கள். வேட்டையாடியும் உணவு சேகரித்தும் வாழ்ந்தோரின் இடுகாடுகளைக் காணக் கங்கைச் சமவெளிக்குச் செல்லவேண்டும். உத்தரப் பிரதேசத்தின் பிரதாப்கட் மாவட்டத்தில் சராய் நஹர் ராய், மஹாதஹா, தம்தமா ஆகிய மூன்று இடங்களை அலகாபாத் பல்கலைக்கழகத்தார் 1970களிலும் 80களிலும் அகழ்ந்தனர்.

அங்கு வாழ்ந்தோர் மட்கலம் வனையாதவர்கள். ஆதலின் தாழியும் இல்லை. ஆழமற்ற நீள்குழி தோண்டி, பெரும்பாலும் உடலை நீட்டி மல்லாத்திக் கிடத்தினர். மஹாதஹாவில் எலும்பில் செய்த வளையங்களை அணிந்தவாறே சிலர் புதைக்கப்பட்டுள்ளனர். இடுகாட்டை ஊர்ப்புறத்தே ஒதுக்கும் நமக்கு வியப்பளிப்பது, அக்குழிகள் அடுப்பெரிந்த வாழிடத்திலேயே அமைந்திருப்பது. தம்தமாவில் 41 குழிகள். ஐந்தில் இருவர், ஒன்றில் மூவர்.

ஒரே குழியில் ஆணும் பெண்ணும் கிடந்தால் 'காதல்' என்று எழுதத் துடிக்கிறது கவிமனம். வகுப்பில் நானும் அவ்வாறே கூறினேன். "அவர்கள் உடன்பிறந்தவர்களாக இருக்கக் கூடாதா, அம்மா?" என்று ஒரு மாணவி கேட்டாள். என்னிடம் விடையில்லை. புறநானூற்றுப் பெண்ணின் சொல்லை எடுத்து, பேசாத வேறொருத்தியின் வாயில் வைத்துவிட்டேன் என்பதை அன்றுதான் உணர்ந்தேன்.

குழியில் எஞ்சியவை மட்டுமே அவர்கள் இட்டவை என்றும் கொள்ளலாகாது. ஆவாரம்பட்டையில் ஊறிப் பதப்படாத தோல் எத்தனை விரைவில் அழுகும் என்பதை ஆம்பூர், வாணியம்பாடி மக்களுக்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. உடலைப் போர்த்திய தோல் இருந்திருக்கலாம். மார்பில் வைத்த பூ இருந்திருக்கலாம். எலும்பும் கல்லும் மட்டுமே நம்மிடம் வந்து சேர்ந்தன.

உறுதியாகத் தெரிவது சிறிதே. யாரோ மண்ணை அகழ்ந்தனர். உயிரற்ற உடலை நேராக்கினர். தாம் உண்டு உறங்கும் இடத்திலேயே அதற்கும் இடமளித்தனர். கவிஞர்களே, இந்தச் சிறிதைப் பாடுங்கள். அவர்கள் உறவின் பெயரை மட்டும் நாமாக இட்டுவிட வேண்டாம்.