வேனிலும் ஓட்டமும்



இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஓட்டப் பயிற்சியைப் பற்றிய உரை எதற்கு என்னும் வினா எழக்கூடும். விடை எளிது. ஊதியமும் பரிசும் கருதாமல், விருப்பம் ஒன்றையே துணையாகக் கொண்டு ஒரு செயலைப் பத்து ஆண்டுகள் தொடர்ந்து செய்வது எத்தகையது என்பதை இலக்கிய வட்டத்தார் அறிவர். ஓட்டத்தை அவ்வாறு மேற்கொள்பவரை 'அமெச்சூர்' என்பர். 'விரும்புபவர்' என்னும் பொருளுடைய இலத்தீன் சொல் பிரெஞ்சு மொழி வழியாக ஆங்கிலத்துக்கு வந்து அவ்வடிவம் பெற்றது.

அந்த அழகிய சொல்லுக்கு அழகற்ற வரலாறும் உண்டு. 1879இல் இங்கிலாந்தின் ஹென்லி படகுப் போட்டிக் குழுவினர், கூலிக்கு உழைக்கும் கைவினைஞரும் தொழிலாளரும் அமெச்சூர் ஆகார் என்று விதி வகுத்தனர். உடலால் உழைப்பவனுக்கு விளையாட்டில் இடமில்லை என்பதே அதன் பொருள். 1880இல் அந்நாட்டில் தோன்றிய தடகளச் சங்கம் இவ்விலக்கை ஏற்கவில்லை. பின்னர் 1896இல் ஏதென்சில் நடந்த முதல் ஒலிம்பிக் மாரத்தானில் வென்றவர் ஸ்பிரிதோன் லூயிஸ் என்னும் தண்ணீர் சுமந்து விற்பவர். விதி எழுதியோரின் செருக்குக்கு வரலாறு தந்த மறுமொழி அது.

பட்டாசும் தீப்பெட்டியும் அச்சும் சோறு போடுகின்ற விஸ்வநத்தத்தில் நின்று சிந்திக்கும்போது இவ்வரலாறு வெறும் செய்தியாக நில்லாது. பகலெல்லாம் உழைக்கும் ஒருவர் தம் மகிழ்ச்சிக்காகவும் ஓடலாமா? ஓடலாமெனில், கோடையில் எவ்வாறு பயில வேண்டும்? எதனை இலக்காகக் கொள்ள வேண்டும்? அச்சகத்தில் பணிபுரியும் இளைஞர் ஒருவர், வரும் மார்கழியில் சென்னையில் நடைபெறும் அரை மாரத்தானில், அதாவது 21 கிலோமீட்டருக்குச் சற்று மிகுந்த தொலைவில், ஓட விரும்பிச் சித்திரையில் பயிற்சியைத் தொடங்குகிறார் என்று கொள்க. அவருக்கு வழிகாட்டும் நூலைத் தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. திருக்குறளின் பொருட்பாலில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்னும் மூன்று அதிகாரங்கள் அடுத்தடுத்து அமைந்துள்ளன. வேந்தனுக்குச் சொல்லப்பட்ட அம்மூன்றும் ஓடுபவனுக்கும் பொருந்தும்.

முதலாவது வலியறிதல். புதிதாக ஓடத் தொடங்குவோர் பெரும்பாலோர் முதல் வாரத்திலேயே வேகத்தை நாடி, மூன்றாம் வாரத்தில் முழங்கால் வலியோடு வீட்டில் அமர்ந்துவிடுகின்றனர். நெஞ்சும் மூச்சும் சில வாரங்களில் பழகிவிடும். எலும்பும் தசைநாரும் பழகுவதற்கு மாதங்கள் ஆகும். இந்த உண்மையைத் தம் உடலையே சோதனைக் களமாக்கி உணர்ந்தவர் நியூசிலாந்தின் ஆர்தர் லிடியார்ட். அவர் காலணித் தொழிற்சாலையில் பணிபுரிந்தவர். வேகப் பயிற்சிக்கு முன்பாகப் பல மாதங்கள் நிதானமாக நெடுந்தொலைவு ஓடி அடித்தளம் இட வேண்டும் என்பது அவர் கண்ட முறை. 1960 ரோம் ஒலிம்பிக்கில் அவரிடம் பயின்ற பீட்டர் ஸ்னெல் 800 மீட்டரிலும், முர்ரே ஹால்பெர்க் 5,000 மீட்டரிலும் தங்கம் வென்றனர். பாரி மாகி மாரத்தானில் வெண்கலம் பெற்றார்.

அடித்தளம் இடுவதற்கு உரிய பருவம் வேனிலே. வெயிலில் உடலைக் குளிர்விப்பதற்காகக் குருதியின் ஒரு பகுதி தோலை நோக்கிச் செல்கிறது; தசைக்கும் தோலுக்கும் ஒருசேர ஈடுகொடுக்க நெஞ்சம் விரைந்து துடிக்கிறது. ஆதலால், தை மாதத்தில் எளிதாக ஓடிய வேகம் சித்திரையில் கடினமாகத் தோன்றுவது இயல்பு. அதனைத் தம் தளர்ச்சி என்று எண்ணி மனம் சோர்வது தவறு. வீம்புக்காகப் பழைய வேகத்தைப் பற்றிக்கொள்வது அதனினும் பெரிய தவறு. கோடையில் கடிகாரத்தைக் காட்டிலும் மூச்சே நம்பத்தக்க அளவுகோல். உடன் ஓடுபவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிந்தால் வேகம் சரி. சொற்கள் துண்டு துண்டாக வந்தால் மிகை. தொடக்கத்தில் வாரம் நான்கு நாள், நாளொன்றுக்கு அரைமணி நேரம், ஓட்டமும் நடையும் கலந்து மேற்கொண்டால் போதும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் சிறிது நீட்டிக்கலாம்.

பொறுமையாகப் பயில்பவருக்கு வெயிலும் நன்மை செய்கிறது. வெப்பத்தில் அளவோடு உழைத்தால் பத்து முதல் பதினான்கு நாட்களில் உடல் தன்னை மாற்றிக்கொள்கிறது. குருதியின் நீர்ப்பகுதி பெருகுகிறது; வியர்வை முன்னதாகவே சுரக்கத் தொடங்குகிறது; அதில் வெளியேறும் உப்பு குறைகிறது; நெஞ்சத் துடிப்பு தணிகிறது. பயிற்சியைச் சில வாரங்கள் கைவிட்டால் இப்பயன் மறைந்துவிடும். தொடர்ச்சியே இதன் உயிர்.

அடுத்தது காலமறிதல். தமிழ் இலக்கண நூலார் காலத்தைப் பெரும்பொழுது, சிறுபொழுது என இரண்டாகப் பகுத்தனர். ஓட்டப் பயிற்சிக்கு இதைவிடப் பொருத்தமான நாட்காட்டி கிடைப்பது அரிது. சிறுபொழுதுகளில் ஓடுவதற்கு உரியது வைகறை. நிலம் இரவெல்லாம் வெப்பத்தை உமிழ்ந்து குளிர்ந்திருக்கும் நேரம் அது. மாலையில் வெயில் தாழ்ந்தாலும் தார்ச்சாலையும் பாறையும் கொதிப்பு அடங்குவதில்லை. நண்பகல் பாலைத் திணைக்கு உரியது. அதனைப் பாலைக்கே விட்டுவிடுவது நன்று.

ஆனால் வைகறை எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. பட்டாசு, தீப்பெட்டித் தொழில்களில் உழைப்போரில் பெண்கள் மிகப் பலர். ஆலை வண்டி வருவதற்குள் தண்ணீர் பிடித்து, சமைத்து, பிள்ளைகளைக் கிளப்பும் ஒரு பெண்ணிடம் வைகறையில் ஓடுமாறு அறிவுரை கூறுவது அவ்வாழ்வை அறியாதார் கூற்று. ஒலிம்பிக்கிலும் பெண்களுக்கான மாரத்தான் 1984இல்தான் இடம்பெற்றது. தொடக்க விளையாட்டுகளுக்கும் அதற்கும் இடையே எண்பத்தெட்டு ஆண்டுகள். வீட்டு வேலையில் ஆண்கள் பங்கேற்றாலன்றி, வைகறை பெண்களின் பொழுது ஆகாது. ஓட்டத்தைப் பற்றிய பேச்சு இவ்விடத்தில் அடுப்படியைப் பற்றிய பேச்சாக மாறுவதைத் தவிர்க்க இயலாது.

பெரும்பொழுதுகளுக்கு வருவோர் அந்த இளைஞரின் ஆண்டை இவ்வாறு வகுக்கலாம். சித்திரை, வைகாசியாகிய இளவேனிலில் பழக்கம் உண்டாக வேண்டும். தொலைவைப் பற்றிய கவலை வேண்டா. ஆனி, ஆடியாகிய முதுவேனிலில் ஒரு மணி நேரம் நிதானமாக ஓடும் வலிமை வேண்டும். ஆவணி, புரட்டாசியாகிய கார்காலத்தில் ஞாயிறு ஓட்டம் சிறிது சிறிதாக நீள வேண்டும். ஐப்பசி, கார்த்திகையாகிய கூதிரில் மழை குறுக்கிடும். எனினும் தீபாவளி முடிந்ததும் வட்டாரத்தில் வேலை ஓய்கின்ற சில வாரங்கள் உண்டு. வேகப் பயிற்சியைச் சிறிது சேர்ப்பதற்கும், பதினெட்டுக் கிலோமீட்டர் வரை ஓடிப் பார்ப்பதற்கும் அவை உதவும். மார்கழியில் பயிற்சியைக் குறைத்து, உடலை இளைப்பாறச் செய்து, களத்திற்குச் செல்லலாம். ஆகவே முன்பனியில் அறுவடை, வேனிலில் விதைப்பு. விதைக்கும் நாளில் கதிரை எதிர்பார்ப்பவன் உழவன் அல்லன்.

மூன்றாவது இடனறிதல். சிவகாசி வட்டாரத்தில் இத்தொழில்கள் வேரூன்றியதற்கு மழை குறைந்த வறண்ட வானிலை ஒரு காரணம். 1923இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று கற்று வந்த தீப்பெட்டித் தொழில் இம்மண்ணில் தழைக்க இந்தக் காற்று துணை நின்றது. மருந்தையும் தாளையும் விரைந்து உலர்த்தும் அதே காற்று ஓடுபவரின் வியர்வையையும் விரைந்து உலர்த்துகிறது. வியர்வை ஆவியாகும்போதுதான் உடல் குளிர்கிறது என்பதால் இது நன்மையே. ஆயினும் சட்டை நனையாததால், எவ்வளவு நீர் இழந்தோம் என்பது ஓடுபவருக்குத் தெரிவதில்லை. கடற்கரை நகரமாகிய சென்னையிலோ நிலைமை நேர்மாறு. அங்கே காற்றின் ஈரத்தால் வியர்வை உலராமல் வழிந்து வீணாகிறது. கரிசல் காட்டில் பழகியவர் மார்கழி ஆயினும் சென்னையில் முதல் ஐந்து கிலோமீட்டரைத் தணிந்த வேகத்தில் தொடங்குவது அறிவுடைமை.

ஓடுவதற்குமுன் நீர் அருந்த வேண்டும். ஓடி முடித்தபின் நீராகாரமோ உப்பிட்ட நீர்மோரோ பருகினால் இழந்த நீரும் உப்பும் ஒருங்கே மீளும். உப்பில்லாத தண்ணீரைத் தாகத்துக்கு மேல் அளவின்றிக் குடிப்பதும் தீங்கே. குருதியில் உப்பின் அளவு தாழ்ந்து உயிருக்கு ஊறு நேர்வதுண்டு. மென்மையான கண்மாய்க் கரையோ பள்ளித் திடலோ கிடைத்தால் கால்களுக்கு நலம். சாலையில் ஓடுவோர் இருள் பிரியுமுன் வெண்ணிற ஆடை அணிந்து, எதிரே வரும் ஊர்திகளைக் காணும்படி வலப்புறமாக ஓட வேண்டும்.

வெப்பத்தோடு விளையாடினால் என்ன நேரும் என்பதற்கு 1912ஆம் ஆண்டு ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக் மாரத்தான் சான்று. வடநாடாகிய சுவீடனில் அன்று எதிர்பாராத கடும் வெயில். ஓடத் தொடங்கிய அறுபத்தெட்டுப் பேரில் ஏறத்தாழப் பாதிப்பேரே முடித்தனர். போர்ச்சுகல் நாட்டின் பிரான்சிஸ்கோ லாசரோ என்னும் இளம் தச்சுத் தொழிலாளர் வெயிலைத் தடுக்க எண்ணி உடலெங்கும் கொழுப்புப் பூச்சைப் பூசிக்கொண்டு ஓடினார். வியர்வைக்கு வழி அடைபட்டது. வழியில் விழுந்தவர் மறுநாள் உயிர் நீத்தார்.

அதே ஓட்டத்தில் கலந்துகொண்ட மற்றொருவர் ஜப்பானின் ஷிசோ கனகுரி. வெப்பத்தால் நிலைகுலைந்த அவர், வழியிலிருந்த ஒரு வீட்டாரின் ஆதரவில் இளைப்பாறி, ஓட்டத்தை அத்துடன் நிறுத்திக்கொண்டார். நாணத்தோடு தாயகம் திரும்பினார். ஆனால் அவர் வாழ்ந்தார். கோடை வெயிலில் ஓடிப் பழகும் பயிற்சியை ஆராய்ந்தார்; 1920இல் தொடங்கிய ஹகோனே தொடர் ஓட்டத்தை உருவாக்கியோரில் ஒருவரானார்; பல தலைமுறை ஓட்டக்காரர்களுக்கு ஆசானாக விளங்கினார். 1967இல் சுவீடன் நாட்டார் அவரை அழைத்து, விட்ட ஓட்டத்தை முடிக்கச் செய்தனர். ஐம்பத்து நான்கு ஆண்டுகளும் எட்டு மாதங்களும் சில நாட்களும் அவருடைய ஓட்ட நேரமாக அறிவிக்கப்பட்டது. நிறுத்தத் தெரிந்தவருக்கு மீண்டும் ஓடும் வாய்ப்பு எஞ்சியது.

தலைசுற்றல், குமட்டல், உடல் நடுக்கம், பேச்சில் தடுமாற்றம் ஆகியவை தோன்றினால் அந்நொடியே ஓட்டத்தை நிறுத்த வேண்டும். பேச்சுக் குழறி, உடல் கொதிப்பவரை நிழலில் கிடத்தித் தண்ணீரால் நனைத்து விசிறி, உடனே மருத்துவமனை சேர்க்க வேண்டும். பகல் முழுவதும் தகரக் கூரையின்கீழ் உழைத்தவர் அன்று மாலை ஓடாதிருப்பது சோம்பல் ஆகாது. அவர் உடல் அன்றைய வெப்பத்தைத் தாங்கி முடித்துவிட்டது.

இவ்வெச்சரிக்கை சிவகாசி வட்டாரத்தாருக்குப் புதிதன்று. வெயில் ஏறுமுன் மருந்துக் கலவையை முடிப்பதும், பருத்தி ஆடையே உடுத்துவதும், அவசரத்தைப் பகையென்று அஞ்சுவதும் பட்டாசுத் தொழிலின் அரிச்சுவடி. அளவு மீறியதால் நேர்ந்த விபத்துகளில் உற்றாரை இழந்த ஊர்களும் இங்குண்டு. நெருப்பிடம் காட்டும் அடக்கத்தைத் தம் உடலிடமும் காட்டினால் போதும்.

இறுதியாக இலக்கைப் பற்றி. ஜப்பானின் யூகி கவாவுச்சி அரசு அலுவலராகப் பணியாற்றிக்கொண்டே, பணிக்குச் செல்லுமுன் பயிற்சி செய்து, 2018இல் பாஸ்டன் மாரத்தானில் வென்றார். உழைப்பவரும் உச்சம் தொடலாம் என்பதற்கு அவர் சான்று. ஆனால் எல்லோரும் கவாவுச்சி ஆக வேண்டியதில்லை. தமிழகத்தின் மா. சுப்பிரமணியன் 2004இல் சாலை விபத்தில் கால் சிதைந்து, ஓடுவது இயலாதென்று மருத்துவர்கள் கருதிய நிலையிலிருந்து மீண்டு, நூற்றுக்கும் மேற்பட்ட அரை மாரத்தான்களை ஓடி முடித்தவர். 'ஓடலாம் வாங்க' என்னும் நூலையும் எழுதியவர். 2008இல் தொடங்கிய ஆரோவில் மாரத்தானோ பரிசுக்காக அன்றி, ஓடும் இன்பத்துக்காகவே நடத்தப்படுவது.

எனவே அந்த இளைஞர் மூன்று இலக்குகளை வரிசையாக எழுதிக்கொள்ளலாம். முதலாவது, ஊறின்றிக் களத்தின் தொடக்கக் கோட்டில் நிற்பது. இரண்டாவது, நடுவே நொடிந்துவிடாமல் ஒரே சீராக ஓடி முடிப்பது. மூன்றாவதாகவே நேரம் வர வேண்டும். இரண்டரை மணி நேரம் என்று எழுதியிருந்து, அன்றைய வெப்பம் இடந்தராவிடில் அந்த மூன்றாவதை அடித்துவிட அஞ்சக் கூடாது. முதலிரண்டையும் எக்காரணத்தாலும் அடிக்கக் கூடாது.

உழைப்பவனுக்கு விளையாட்டு இல்லை என்று எழுதியவர்களின் விதி மறைந்துவிட்டது. உழைப்பவனுக்கு நேரமில்லை என்னும் நிலை இன்னும் மறையவில்லை. வேனில் வைகறையில் கண்மாய்க் கரையில் அரைமணி நேரம் தமக்கென ஓடும் ஒருவர், அந்த நேரத்தைத் தம்முடையதாக்கிக் கொள்கிறார். அவருக்கு வழிவிடுவதும், அவர் வீட்டுப் பெண்ணுக்கும் அந்த அரைமணி கிடைக்கச் செய்வதும் ஊராரின் கடமை.